வயிற்றைப் பார்த்து ஆணா பெண்ணான்னு சொல்றது: உங்க வீட்டுல என்ன சொல்வாங்க?

ரங்கூன்_மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இது தலைப்பிள்ளை, ஏழாம் மாசம் நடக்குது. நாங்க பர்மாத் தமிழருங்க. மாமியார் வீடு மௌல்மீன், அம்மா வீடு பெகு. ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு குறி சொல்றாங்க. வயிறு கூம்பி முன்னால தள்ளி நிக்குது, பேரன்தான்னு அத்தை அடிச்சுச் சொல்றாங்க. அம்மா வீடியோ கால்ல பார்த்துட்டு, கன்னத்துல மங்கு விழுந்திருக்கு, பொம்பளைப் பிள்ளைதான் தாயோட அழகை வாங்கிக்கும்னு சொல்றாங்க. பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா தனாக்கா மரப்பட்டையை சந்தனம் மாதிரி அரைச்சுக் கொண்டுவந்து என் கன்னத்துல பூசிவிடுவாங்க. அப்படியே நான் பாயிலிருந்து எந்தக் கையை ஊன்றி எழுந்திருக்கேன்னும் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. வலது கையாம், அதனால ஆணாம்.

முதல் மூணு மாசம் மசக்கை படுத்தி எடுத்திடுச்சு. தெருவுல யாரோ நாப்பி (புளிக்க வெச்ச மீன் விழுது) வதக்கினாலே எனக்குக் குமட்டும். இப்போ வாந்தி நின்னுடுச்சு, ஆனா சின்பாங் கீரை இல்லாம சோறு இறங்க மாட்டேங்குது. புளிப்பு கேட்டா ஆண்னு அத்தைக்கு இன்னும் சந்தோஷம். இந்த வாரம் முகமும் கையும் உப்பிப் போய் மோதிரத்தைக் கழற்ற முடியலை, தலைவலியும் விட்டு விட்டு வருது. முகம் உப்பினா பொண்ணுன்னு சின்ன மாமியார் வந்து புதுசா ஒண்ணு சொல்லிட்டுப் போனாங்க.

ஸ்கேன்ல கேட்க வேண்டாம்னு நானும் வீட்டுக்காரரும் முடிவு பண்ணிட்டோம். ஆனா நம்ம பெரியவங்க சொல்ற குறி எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வைக்கணும்னு ஆசை. உங்க வீடுகள்ல என்னென்ன சொல்வாங்க? எது பலிச்சுது?

பெகு_பெரியம்மா

கண்ணு, நல்லபடியா பெத்துப் பிழைச்சு வா. நம்ம ஊர்ப் பொண்ணா நீ? சந்தோஷம்.

எங்க அம்மா சொல்றதைச் சொல்றேன், எழுதிக்கோ. வயிறு எலுமிச்சம்பழம் மாதிரி நுனி கூம்பி மேல நின்னா ஆண், இடுப்போட சேர்த்து அகலமாப் பரந்து கிடந்தா பெண். நடக்கக் கூப்பிட்டா வலது காலை முதல்ல வெச்சா ஆண். தொப்புளுக்குக் கீழ ஓடுற கறுப்புக் கோடு தொப்புளைத் தாண்டி நெஞ்சு வரைக்கும் ஏறினா ஆண், தொப்புளோட நின்னா பெண். வலது பக்கம் துடிச்சா ஆண். தாய்க்குத் தூக்கம் தூக்கமா வந்தா பெண், சுறுசுறுப்பா ஓடியாடி வேலை செஞ்சா ஆண்.

ரெண்டாவது பிள்ளைன்னா மூத்ததைப் பார்த்துச் சொல்லுவோம். மூத்ததோட பிடரி முடி வாலு மாதிரி ஒண்ணா கூடி இறங்கினா அடுத்தது ஒரு மாதிரி, ரெண்டாப் பிரிஞ்சு நின்னா வேற மாதிரி. அது முதல்ல அப்பான்னு கூப்பிட்டா தம்பி, அம்மான்னு கூப்பிட்டா தங்கச்சி. தவழ்ற பிள்ளை குனிஞ்சு தன் காலிடுக்கு வழியாப் பின்னால பார்த்தா வீட்டுக்கு இன்னொண்ணு வருதுன்னு அர்த்தம். மோதிரத்தை நூல்ல கட்டி வயித்து மேல தொங்கவிட்டு, வட்டமா சுத்துதா நேரா ஆடுதான்னு பார்க்கிறவங்களும் உண்டு. எங்க வீட்டுல அது கிடையாது.

நெஞ்சு எரிஞ்சா பிள்ளைக்குத் தலை நிறைய முடின்னு சொல்லுவாங்க. அது எனக்கு நாலு பிள்ளைக்கும் சரியா இருந்துச்சு.

தட்டோன்_தோட்டக்காரன்

தங்கச்சி, புளிப்புக் கணக்கை மட்டும் நம்பாதம்மா. சின்பாங் நம்ம புளிச்சக்கீரைதான். இந்த நாட்டுல அதைத் தின்னாத வீடு எது? மழைக்காலத்துல எங்க வேலி ஓரமா ஆள் உசரத்துக்கு நிக்கும். இறாலும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கி வெச்சா ரெண்டு நாளுக்குக் கெடாது. எங்க ஊர்ல கர்ப்பிணி, கர்ப்பிணி இல்லாதவ, கிழவன், குமரன் எல்லாரும் அதைத்தான் திங்குறாங்க. புளிப்பு கேட்டா ஆண்ங்கிறது உண்மையா இருந்தா, தட்டோன்ல பள்ளிக்கூடத்துக்குப் போகப் பொம்பளைப் பிள்ளையே இருக்காது.

சோறு இறங்கலைன்னா அதோட கொஞ்சம் மூங்கில் குருத்தும் சேர்த்துப் பாரு. உப்பையும் நாப்பியையும் குறைச்சுக்கோ.

ஏட்டுப்பிரியன்

இந்தக் குறிகளின் வயதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன். பெரியம்மா சொன்னவற்றில் பாதி, வலது என்றால் ஆண், இடது என்றால் பெண் என்பதில் அடங்கிவிடுகிறது. கால், கை, துடிப்பு எல்லாம் அதே கணக்கு. திருமந்திரத்தில் திருமூலரும் அப்படித்தான் சொல்கிறார்: கூடும் நேரத்தில் மூச்சு வலது நாசியில் ஓடினால் ஆண், இடது நாசியில் ஓடினால் பெண். பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதையில் வலது மார்பில் முதலில் பால் ஊறுவதும் வலது கண் பெரிதாகத் தெரிவதும் ஆண் குழந்தையின் அடையாளங்கள். கிரேக்கத்தில் ஹிப்போகிராட்டஸ் பெயரால் வழங்கும் மருத்துவச் சூத்திரங்களிலும் ஆண் கரு வலப்பக்கம், பெண் கரு இடப்பக்கம் என்றே இருக்கிறது. ஆணைச் சுமப்பவளின் நிறம் நன்றாக இருக்கும், பெண்ணைச் சுமப்பவளின் நிறம் மங்கும் என்று இன்னொரு சூத்திரம் சொல்கிறது. தங்கை, உங்கள் அம்மா வீடியோவில் பார்த்துச் சொன்னது அப்படியே அதுதான்.

இத்தனை தேசத்தில் ஒரே பேச்சு என்பதால் அது உண்மை என்று ஆகிவிடாது. வலது கையை உயர்வாகவும் இடது கையைத் தாழ்வாகவும் வைத்த சமூகங்கள் உயர்ந்ததை ஆணுக்குக் கொடுத்தன என்பதே என் எண்ணம். நான் நெடுநாள் இந்த ஏடுகளோடு வாழ்பவன். அவற்றின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஆனாலும் இந்த ஓர் இடத்தில் அவற்றைப் பின்பற்ற மாட்டேன்.

பண்டைய எகிப்தில் இதைவிடச் சுவையான முறை ஒன்று இருந்தது. பெண்ணின் சிறுநீரைக் கோதுமை மேலும் வாற்கோதுமை மேலும் ஊற்றி எது முளைக்கிறது என்று பார்ப்பார்கள். 1963இல் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். கர்ப்பிணிகளின் சிறுநீரில் சுமார் 70 சதவீதம் தானியத்தை முளைக்கவிட்டது. ஆகவே கர்ப்பமா இல்லையா என்பதை அந்தப் பழைய முறை ஓரளவு காட்டியது. ஆணா பெண்ணா என்பதைக் காட்டவில்லை.

சயாமா_மருத்துவச்சி

இழையைத் தொடங்கின தங்கச்சிக்கு. மத்த பேச்சையெல்லாம் ஒரு பக்கம் வைங்க, இதை முதல்ல படிங்க.

நான் ரங்கூன்ல இன்செய்ன் பக்கம் பிரசவ வேலை பார்க்கிறவ, பர்மாவுல எங்களைச் சயாமான்னுதான் கூப்பிடுவாங்க. ஏழாம் மாசத்துல முகமும் கையும் திடீர்னு உப்புது, மோதிரம் கழற்ற வரலை, கூடவே தலைவலின்னு எழுதியிருக்கீங்க. இந்த மூணும் சேர்ந்து வந்தா உடனே பிரஷர் பார்க்கணும். கால் வீங்குறது சாதாரணம், சாயங்காலத்துல பாதி கர்ப்பிணிகளுக்கு வரும். முகமும் விரலும் சட்டுனு வீங்குறது அப்படி இல்லை. 20 வாரத்துக்கு அப்புறம் பிரஷர் 140க்கு 90 அல்லது அதுக்கு மேல போய், சிறுநீர்ல புரதம் இறங்கினா அதுக்குப் பேரு ப்ரீஎக்லாம்ப்சியா. நம்ம பெரியவங்க உப்பு நீர்னு சொல்றது பல நேரம் இதைத்தான். கவனிக்காம விட்டா வலிப்பு வரும், பிள்ளைக்கும் ரத்த ஓட்டம் குறையும்.

இன்னிக்கே போங்க. நாளைக்கு வழக்கமான செக்கப் இருந்தாலும் அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். கண்ணு முன்னால பூச்சி பறக்கிற மாதிரியோ மின்னல் வெட்டுற மாதிரியோ இருக்கா? வலது விலா எலும்புக்குக் கீழ வலி இருக்கா? இருந்தா ராத்திரியா இருந்தாலும் வண்டி பிடிச்சுக் கிளம்புங்க. போய்ட்டு வந்து எழுதுங்க.

ரங்கூன்_மருமகள்

அக்கா, கண்ணுல ஒண்ணும் இல்லை. வலியும் இல்லை. வீட்டுல எல்லாருக்கும் வர்ற வீக்கம்தான், உப்பைக் குறைச்சா சரியாயிடும்னு சொல்றாங்க. வீட்டுக்காரர் வேலையிலிருந்து வர ராத்திரி ஆகும். நாளைக்குக் காலையில போனா போதாதா?

சயாமா_மருத்துவச்சி

போதாது தங்கச்சி. உப்பைக் குறைக்கிறதால இந்த நோய் அடங்காது. தெருமுனையில கிளினிக் இருந்தா அங்கேயே பிரஷர் பார்க்கச் சொல்லுங்க, ரெண்டு நிமிஷ வேலை. அளவு நல்லா இருந்தா வீட்டுக்கு வந்து நிம்மதியாத் தூங்கலாம்.

பெகு_பெரியம்மா

சயாமா சொல்றதைக் கேளு கண்ணு. உன் அத்தைகிட்ட, பெகுல ஒரு பெரியம்மா கூட்டிட்டுப் போகச் சொன்னாங்கன்னு சொல்லு. வயித்துப் பிள்ளை விஷயத்துல புருஷன் வரட்டும்னு உட்கார்ந்திருக்கக் கூடாது. பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மா இருக்காங்களே, அவங்களைக் கூட்டிட்டுக் கிளம்பு.

சூளை_பர்மாக்காரி

நான் சென்னையிலிருந்து எழுதுறேன். எங்க குடும்பம் 64ல ரங்கூனை விட்டு வந்தது. அம்மா இன்னைக்கும் பர்மா நூடுல்ஸ் அத்தோ போட்டு விக்கிறாங்க.

இந்தியாவுல இந்தப் பேச்சுக்கு ஒரு கசப்பு உண்டு, அதைச் சொல்லணும். இங்க எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் வாசல்ல பெரிய எழுத்துல போர்டு இருக்கும், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே தெரிவிக்க மாட்டோம்னு. 1994ல கொண்டுவந்த சட்டம், 2003ல இன்னும் இறுக்கமா திருத்தினாங்க. சொல்ற டாக்டருக்கும் ஜெயில், கேட்கிற வீட்டாருக்கும் தண்டனை. ஏன் அப்படி ஒரு சட்டம் வேண்டியிருந்துச்சுன்னா, பெண்ணுன்னு தெரிஞ்சதும் கலைச்சிட்டாங்க. அதுக்கு முன்னால பிறந்த பெண் சிசுவைக் கொன்னாங்க. 1992ல சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிச்சதே, கொல்லாதீங்க, இந்தத் தொட்டில்ல போட்டுட்டுப் போங்கன்னு கெஞ்சத்தான்.

சட்டம் ஸ்கேன்காரர் வாயைக் கட்டுச்சு. பாட்டி வாயைக் கட்ட முடியுமா? என் சொந்தத்துலயே, வயிறு பரந்திருக்கு பொண்ணுதான்னு யாரோ சொன்னதிலிருந்து ஒரு பொண்ணுக்கு வீட்டுல பழத்தட்டு வர்றது நின்னு போச்சு. இதை நான் கண்ணால பார்த்தேன். அதனால யாராவது என் வயித்தைப் பார்த்துக் குறி சொன்னா நான் எழுந்து போயிடுவேன்.

கணக்கு_வாத்தியார்

பலிச்சுதா என்ற கேள்விக்கு வருகிறேன். உலகில் ஏறக்குறைய 100 பெண் குழந்தைக்கு 105 ஆண் குழந்தை பிறக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதிக்குப் பாதி சரியாக வரும். எட்டுப் பாட்டிகள் ஆளுக்கு மூன்று பிள்ளைக்குக் குறி சொன்னால், வெறும் அதிர்ஷ்டத்திலேயே அவர்களில் ஒருவருக்கு மூன்றும் பலிக்க வாய்ப்புண்டு. அவர் கைராசிக்காரி என்று ஊரெல்லாம் பேர் எடுப்பார். மற்ற ஏழு பேரை யாரும் நினைவு வைப்பதில்லை.

இதைச் சோதித்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 104 கர்ப்பிணிகளிடம் என்ன குழந்தை என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டு, பிரசவத்துக்குப் பிறகு ஒப்பிட்டார்கள். 1999இல் வெளியானது. 55 சதவீதம்தான் சரி. வயிற்றின் வடிவத்தை வைத்துச் சொன்னவர்களுக்கும் எந்த அனுகூலமும் இல்லை. போனில் சுற்றுகிறதே, தாயின் வயதையும் மாதத்தையும் வைத்துப் பார்க்கிற சீன அட்டவணை, அதை ஸ்வீடனில் 28 லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்களோடு 2010இல் ஒப்பிட்டார்கள். நாணயம் சுண்டிப் பார்ப்பதற்கு மேல் அது ஒன்றும் இல்லை.

முழுக்கப் பொய் என்று தள்ள முடியாதவையும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். மசக்கை அதிகம் என்றால் பெண் என்பதில் ஒரு சிறு துளி உண்மை இருக்கிறது. முதல் மூன்று மாதத்தில் கடும் வாந்தியால் ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஸ்வீடன் பெண்களில் 55.7 சதவீதம் பேருக்குப் பெண் குழந்தை பிறந்தது என்று 1999இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நூறு பேர் அப்படி வாந்தி எடுத்தால் 44 பேருக்கு ஆண்தான் பிறந்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஒரு பெண்ணைப் பார்த்து இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பெரியம்மா, உங்கள் நெஞ்செரிச்சல் கணக்கு வென்றுவிட்டது. அதே ஹாப்கின்ஸ் குழு அதைப் பொய் என்று காட்டப் போய், 2006இல் உண்மை என்று கண்டுபிடித்தது. நெஞ்செரிச்சல் அதிகம் இருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு முடி அதிகமாக இருந்தது. கர்ப்ப ஹார்மோன்கள் உணவுக்குழாயின் வாயைத் தளர்த்துகின்றன, அவையே குழந்தையின் முடி வளர்ச்சியிலும் பங்கு கொள்ளலாம் என்று விளக்கம் சொன்னார்கள்.

பெகு_பெரியம்மா

எங்க அம்மா இருந்திருந்தா இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருப்பாங்க வாத்தியாரே. நாலாவது பிள்ளைக்கு நெஞ்சு எரிஞ்ச எரிச்சல்ல ராத்திரியெல்லாம் சுவத்துல சாஞ்சுதான் உட்கார்ந்திருப்பேன். பிறந்ததும் முடி காது மேல வந்து விழுந்திருந்துச்சு.

ரங்கூன்_மருமகள்

அக்கா, பெரியம்மா, எல்லாருக்கும் நன்றி. அன்னிக்கு சாயங்காலமே பக்கத்து வீட்டு அம்மாவோட கிளினிக் போனேன். பிரஷர் 150க்கு 100 இருந்துச்சு. அங்கேயே சோதனைப் பட்டியைச் சிறுநீர்ல முக்கிப் பார்த்துட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டாங்க. சேர்த்து வெச்சு ரத்தம் எடுத்தாங்க, பிள்ளையோட துடிப்பு பார்த்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. பிள்ளை நல்லா இருக்கு, எடை மட்டும் கொஞ்சம் குறைவாம். மெத்தில்டோபா மாத்திரை கொடுத்து, வாரத்துக்கு ரெண்டு தரம் வந்து பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்காங்க. 37 வாரம் ஆனதும் வலிக்குக் காத்திருக்காம பிரசவம் பண்ணிடலாம்னும் சொன்னாங்க.

அத்தை ஆஸ்பத்திரியில என் பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்திருந்தாங்க. அங்க இருந்த நர்ஸ் சயாமாகிட்ட, வயிறு கூம்பி இருக்கே, ஆண்தானேன்னு அப்பவும் கேட்டாங்க. பிரஷர் இறங்கட்டும் அம்மா, முதல்ல அதைக் கேளுங்கன்னு அந்தச் சயாமா சொன்னாங்க.

சயாமா_மருத்துவச்சி

நல்ல நேரத்துல போனீங்க. மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க. சரியாப் போச்சுன்னு நீங்களா நிறுத்தாதீங்க. பிரஷர் 160க்கு 110 போனாலோ, தலைவலி திரும்பினாலோ, அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீங்க.

இந்த இழையைப் படிக்கிற மத்தவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன், இதுதான் எனக்கு மனசுல கிடந்து உறுத்துது. வயிறு கூம்புதா பரந்திருக்கா, வலது காலா இடது காலான்னு பேசுறதால எந்த உசுரும் போகாது. வயித்தோட வடிவம் தாயோட வயித்துச் சதை எவ்வளவு இறுக்கம், பிள்ளை எப்படிப் படுத்திருக்கு, இது எத்தனாவது பிள்ளைங்கிறதைப் பொறுத்தது. கறுப்புக் கோடும் கன்னத்து மங்கும் ஹார்மோன் வேலை, பிரசவத்துக்கு அப்புறம் மெல்ல மங்கும். பேசிட்டுப் போங்க. ஆனா சில குறிகள் நோயோட அறிகுறி. அதுக்குப் போய் ஆண் பெண்ணுன்னு பேர் வெச்சிட்டா, பொண்ணுங்க ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்குறாங்க. முகம் உப்பினா பொண்ணுங்கிறது அதுல ஒண்ணு. மசக்கை அதிகம், பொண்ணுதான், தாங்கிக்கோங்கிறது இன்னொண்ணு. தண்ணி கூட வயித்துல தங்காம, சிறுநீர் குறைஞ்சு, எடை இறங்கினா குளுக்கோஸ் ஏத்தியே ஆகணும். இனிப்பு கேட்டா பெண்ணுன்னு சொல்லி அல்வா வாங்கிக் கொடுப்பாங்க, அவளுக்கு அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருக்கான்னு யாரும் கேட்க மாட்டாங்க. கர்ப்பச் சர்க்கரை பல பேருக்கு எந்த அறிகுறியும் காட்டாமலே வரும், அதனாலதான் 24 வாரத்துலேர்ந்து 28 வாரத்துக்குள்ள ரத்தம் பார்க்கச் சொல்றோம். உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில தாங்க முடியாம அரிச்சா, பிள்ளைக்கு முடி முளைக்குதுன்னு எண்ணெய் தேய்ப்பாங்க. அது ஈரல்ல பித்தம் தேங்குறதா இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேணும்.

எல்லாத்தையும் விட எனக்குப் பயம், பெண் குழந்தை அமைதியா இருக்கும், ஆண் குழந்தைதான் உதைக்கும்ங்கிற பேச்சு. உதையை வெச்சு ஆணா பெண்ணான்னு சொல்ல முடியாது. நேத்து வரைக்கும் உதைச்ச பிள்ளை இன்னைக்கு அடங்கியிருந்தா, அதைப் பொண்ணு மாதிரி சாதுவா இருக்குன்னு சொல்லி மூணு நாள் வீட்டுல வெச்சிருந்து கூட்டிட்டு வர்றவங்களை நான் பார்த்திருக்கேன். மூணாவது நாள் நாங்க என்ன செய்ய முடியும்?

மாண்டலே_அண்ணி

சயாமா எழுதினதை என் வீட்டுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன்.

நான் வேற ஒண்ணைச் சொல்லணும். என் தங்கச்சிக்கு வயிறு கூம்பினதைப் பார்த்து, ராஜாதான்னு அவ புகுந்த வீட்டுல எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. ஆசாரிகிட்ட வெள்ளி அரைஞாண் செய்யக் கொடுத்தாங்க. பேர் கூட வெச்சிட்டாங்க. பொண்ணு பிறந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தது எங்க அம்மாவும் நானும்தான். அந்த அரைஞாணை ஆசாரிகிட்டயே திருப்பிக் கொடுத்துக் காசாக்கிட்டாங்க. அவ அதுக்கு அழலை. வயிறு ஏமாத்திடுச்சுன்னு யாரோ சொன்னாங்க, அதுக்குத்தான் அழுதா.

ஏமாத்துறதுக்கு அவகிட்ட என்ன இருக்கு? தாயோட முட்டையில எப்பவும் எக்ஸ் குரோமோசோம் மட்டும்தான். ஆண் விந்துல பாதி எக்ஸ், பாதி ஒய். ஒய் வந்தா ஆண், எக்ஸ் வந்தா பெண், கரு தரிக்கிற அந்த நேரத்துலயே முடிஞ்சு போற விஷயம். அதுக்கப்புறம் அவ என்ன தின்னாலும் எப்படி நடந்தாலும் மாறாது. பள்ளிக்கூடத்துல படிச்ச இதை என் தங்கச்சி புருஷனும் படிச்சவர்தான். ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லலை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறலை.

அந்தப் பிள்ளைக்கு இப்போ ஏழு வயசு. கோயில்ல நடக்கிற தமிழ் வகுப்புல முதல் வரிசையில உட்கார்ந்து தேவாரம் பாடுறா.

பெகு_பெரியம்மா

மாண்டலேக்காரியே, உன் தங்கச்சிக்கு நடந்தது அநியாயம். அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனா குறி பார்க்கிற பேச்சையே விட்டுடணும்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

எங்க காலத்துல ஏழாம் மாசத்துலேர்ந்து பொண்ணுக்குப் பயம் பிடிச்சுக்கும். எங்க தெருவுலயே பிரசவத்துல போனவங்க உண்டு. அந்தப் பயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். நாலு பொம்பளைங்க வந்து சுத்தி உட்கார்ந்து, வயித்தைத் தடவி, கூம்பா பரப்பான்னு சண்டை போட்டு, வெத்திலை போட்டுட்டுப் போவாங்க. அந்தச் சண்டையில பிள்ளை நல்லபடியாப் பிறந்துடும்ங்கிறது எல்லாரும் ஒத்துக்கிட்ட விஷயமா ஆயிடும். ஆணா பெண்ணாங்கிறது மட்டும்தான் பாக்கி. அந்தத் தைரியம் எனக்குத் தேவைப்பட்டுச்சு. வளைகாப்புல வளையல் போட வர்றவங்க குறி சொல்லாம போக மாட்டாங்க, சொல்லவும் செய்யட்டும். என் மருமகளுக்கு நான் சொன்னேன், அவ சிரிச்சா. பொண்ணு பிறந்துச்சு, நான்தான் முதல்ல தூக்கினேன், சேனை வெச்சேன்.

சொல்ற வாய்ல, எதுவா இருந்தாலும் நம்ம பிள்ளைங்கிற வார்த்தையும் சேர்ந்து வரணும். அது இல்லாத வீட்டுல குறி சொல்ல வேண்டாம்.

சூளை_பர்மாக்காரி

பெரியம்மா மாதிரி ஒருத்தர் எங்க வீட்டுல இருந்திருந்தா நானும் உட்கார்ந்து கேட்டிருப்பேன். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பொண்ணுன்னு குறி சொல்லிட்டு யாரும் சர்க்கரை கொடுத்ததில்லை. அதனால நான் எழுந்துதான் போவேன், தப்பா நினைக்காதீங்க.

புதுசா_வந்தவள்

நான் இவ்வளவு நாள் எழுதாம படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன். எனக்கு ஆறு மாசம் முடியப் போகுது. பிள்ளை அசையுறதே ரொம்பக் கொஞ்சமாத்தான் தெரியுது. ஸ்கேன் எடுத்தவர், நஞ்சுக்கொடி முன்பக்கம் ஒட்டியிருக்கு, அதனால அசைவு மெதுவாத்தான் தெரியும்னு சொன்னார். வீட்டுல பொண்ணு, அதான் அமைதின்னு சொல்றாங்க. சயாமா எழுதினதைப் படிச்சதிலிருந்து தூக்கம் வரலை. எது சரி?

சயாமா_மருத்துவச்சி

ஸ்கேன் எடுத்தவர் சொன்னது சரி. நஞ்சு முன்னால இருந்தா பிள்ளைக்கும் வயித்துத் தோலுக்கும் நடுவுல அது மெத்தை மாதிரி நிக்கும். உதை பலமாத் தெரியாது, ஆரம்பத்துல தாமதமாத் தெரிய ஆரம்பிக்கும். பொண்ணுங்கிறதால இல்லை.

அதுக்காக அசைவு குறைஞ்சா பரவாயில்லைன்னு நினைச்சிடாதீங்க. 28 வாரத்துலேர்ந்து உங்க பிள்ளை எந்த நேரத்துல எப்படி அசையுதுன்னு அதோட வழக்கத்தைப் பழகிக்கோங்க. சில பிள்ளை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உருளும், சிலது விடிகாலையில. பக்கத்து வீட்டுப் பிள்ளையோட ஒப்பிட வேண்டாம், உங்க பிள்ளையோட நேத்தைய அசைவோட இன்னைக்கு அசைவை ஒப்பிடுங்க. குறைஞ்ச மாதிரி தெரிஞ்சா இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்து, வேற வேலை ஒண்ணும் இல்லாம கவனிங்க. அப்பவும் திருப்தி இல்லைன்னா அன்னைக்கே போய்த் துடிப்பு பார்த்துடுங்க. ஒண்ணும் இல்லைன்னு திருப்பி அனுப்பினாலும் கூச்சப்படாதீங்க, மறுபடி குறைஞ்சா மறுபடி போங்க. நஞ்சு முன்னால இருக்குன்னு எழுதின அந்த ஸ்கேன் தாளை மட்டும் எப்பவும் பையிலேயே வெச்சிருங்க, பார்க்கிற நர்ஸுக்குத் துடிப்பு தேட அது உதவும்.

இப்போ உங்களுக்கு அசைவு முதல்லேர்ந்தே இப்படித்தானா, இல்லை இந்த வாரம்தான் குறைஞ்சுதா? இந்த வாரம்தான்னா பதில் எழுதிட்டு இருக்காம கிளம்புங்க.

புதுசா_வந்தவள்

முதல்லேர்ந்தே இப்படித்தான் அக்கா. குறையலை. ஆனாலும் நாளைக்குக் காலையில அம்மாவைக் கூட்டிட்டுப் போய் ஒரு தரம் துடிப்பைக் கேட்டுட்டு வந்துடுறேன்.